பள்ளிக்கூடச் செய்திகள்: வாசிப்பது யார்?

இந்த டிசம்பரிலும் நம்ம காலேஜ் பஸ் ஏதோ ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி வாசலில் போய் நிற்கத்தான் போகிறது. என்.எஸ்.எஸ். கேம்ப், இல்லையென்றால் ரோட்டராக்ட், அதுவும் இல்லையென்றால் டிபார்ட்மென்ட் அசோசியேஷன். பேனர் ரெடி, டி-ஷர்ட் ரெடி, சுவரில் வரைய முயலும் ஆமையும் ரெடி. போகாதீங்க என்று சொல்ல இதை எழுதவில்லை. தாராளமா போங்க. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் யோசிச்சுட்டுப் போங்க: அந்தப் பள்ளியில் இந்த நவம்பரிலும் டிசம்பரிலும் என்னவெல்லாம் நடந்தது என்று அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது பெயிண்ட் அல்ல, நோட்டுப் புத்தகமும் அல்ல. அங்கே நடக்கும் நல்ல விஷயமும் அங்கே இருக்கும் குறையும் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும். அதை அமைத்துத் தர நம்மால் முடியும். அதற்குச் சரியான காலம் இந்த மழையும் பனியும்தான்.

மழைக்காலத்தில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம், மன்னார்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது பள்ளி மைதானத்திலும் நிற்கும். காலைப் பிரார்த்தனை வராண்டாவுக்கு மாறிவிடும். இருக்கிற ரெண்டு செட் யூனிஃபார்மும் காயாது. ஒரு குழந்தைக்கு ஜுரம் வந்தால் பெஞ்ச் முழுக்க வரும். கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா என்பது காலை ஆறு மணிக்கு டிவி ஸ்க்ரோலிங்கில் ஓடும். விட்ட லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். புயல் வந்தால் அதே வகுப்பறை நிவாரண முகாம் ஆகிவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூரையாக இருந்தது பள்ளிக்கூடம்தான்.

இதற்கு நடுவில்தான் பாடமும் நடக்கிறது. நவம்பர் 14 குழந்தைகள் தினம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. லீவு முடிந்து ஜனவரியில் திறந்தால் மூன்றாம் பருவப் புத்தகம். புதுப் புத்தக வாசம் போவதற்குள் பொங்கல் விழா, அப்புறம் குடியரசு தினக் கொடியேற்றம். முதல் மணி அடிப்பதற்கு முன்பே காலை உணவு: உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகச் சாம்பாரோடு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய இந்தத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் வைத்து 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. மார்கழிப் பனியில் விடியுமுன்னே வயலுக்குப் போகும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் செய்திதானே? ஆனால் ஊருக்குத் தெரிவது இரண்டே செய்திகள்தான். ஒன்று, "மழைக்குச் சுவர் இடிஞ்சு விழுந்துச்சாம்." இன்னொன்று, "அந்த ஸ்கூல்ல இப்ப பிள்ளைங்களே இல்லையாம்."

தகவல் மேலே போகிறது, பக்கத்தில் போவதில்லை

ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் எவ்வளவு தகவல் அனுப்புகிறார் என்று உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? காலை வந்ததும் எமிஸ் ஆப்பில் வருகைப்பதிவு. காலை உணவு எத்தனை பேர், மதிய உணவு எத்தனை பேர். எத்தனை புத்தகம் வந்தது, எத்தனை சீருடை கொடுத்தாச்சு. தேர்வு மதிப்பெண். நெட்வொர்க் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் டீச்சரை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

போன வருஷம் நாங்கள் கேம்ப் போன ஊரில் தலைமை ஆசிரியை ஒருவர் சொன்னார்: "தம்பி, என் ஸ்கூல்ல இன்னிக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு சென்னையில இருக்கறவங்களுக்குத் தெரியும். எதிர் வீட்டுல தெரியாது." இந்தக் கட்டுரையின் மொத்தக் கருத்தும் அந்த இரண்டு வரிதான். தகவல் ஒன்றியத்துக்குப் போகிறது, மாவட்டத்துக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போவதில்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அதில் குழந்தைகளை வகுப்புப்படி மட்டும் பார்ப்பதில்லை. யாருக்கு எவ்வளவு வாசிக்க வரும், கணக்கு வரும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அட்டை, பாட்டு, பொம்மலாட்டம், தரையில் வட்டமாக உட்கார்தல் எல்லாம் உண்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பாட்டிக்கு என்ன தெரியும்? "மூணாங்கிளாஸ் பையன் ரெண்டாங்கிளாஸ் பையனோட சீட்டு வெச்சு விளையாடிட்டு இருக்கான். டீச்சர் தரையில உக்காந்திருக்கு. இங்க என்ன படிப்பு?" பாட்டி மேல் தப்பு இல்லை. அது என்ன என்று யாரும் பாட்டிக்குச் சொல்லவில்லை.

பக்கத்தில் மஞ்சள் வேன் வைத்திருக்கும் தனியார் பள்ளி சொல்கிறது. பொங்கலுக்கு ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் வைக்கிறது. கோட் போட்ட குழந்தை, பின்னால் கம்ப்யூட்டர், "அட்மிஷன் நடைபெறுகிறது". வேன் தினமும் தெருவில் ஹாரன் அடிக்கிறது. அது ஒரு விளம்பரம்தான், ஆனால் ஏதோ ஒன்றாவது காதில் விழுகிறது. அரசுப் பள்ளியிலிருந்து எதுவுமே விழுவதில்லை.

ஏன் இந்த மாதங்கள் முக்கியம்?

நாம் எல்லாரும் அட்மிஷன் என்றால் ஜூன் என்று நினைக்கிறோம். 2024-லும் 2025-லும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கையே மார்ச் 1-ல் தொடங்கிவிட்டது. வீட்டில் முடிவு அதற்கும் முன்னாடி. சம்பா அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசு புரளும் தை, மாசியில்தான் "பையனை எங்க சேக்கறது" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு நடக்கும்போது வீட்டுத் திண்ணையில் தனியார் பள்ளி நோட்டீஸ் ஒன்று கிடக்கும். அரசுப் பள்ளியைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

அப்புறம் நடப்பது எளிய கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனாலோ, ஜுரத்தில் படுத்தாலோ ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். அதைப் பார்த்துப் பெற்றோர் இன்னும் நாலு பேரை வேனில் ஏற்றுவார்கள். எண்ணிக்கை 40 ஆகும், 20 ஆகும், ஒரு நாள் பூஜ்யம் ஆகும். 2019-ல் மாணவர்களே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவெடுத்தது ஞாபகம் இருக்கலாம். நூலகம் நல்லதுதான். ஆனால் அங்கே கடைசி வரை படித்தது யார்? வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக் குழந்தைகள். பள்ளி மூடினால் அடுத்த ஊருக்கு ஈரச் சாலையில் நடக்கப்போவதும் அவர்கள்தான்.

அதனால்தான் பெயிண்டை விட இது பெருசு என்கிறேன். சுவர் மங்கினால் அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம். குழந்தையே இல்லாத பள்ளிக்குச் சுவர் எப்படி இருந்தால் என்ன?

அப்ப என்ன செய்யச் சொல்றே?

ஒரு தாள். மாதம் ஒரு தாள். ஏ4, இரண்டு பக்கம், கருப்பு வெள்ளை. குழந்தைகள் கையெழுத்தில். ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் 60 வீட்டுக்கு 120 ரூபாய். சிறப்பு விருந்தினருக்கு நாம் போடும் பொன்னாடையும் கொடுக்கும் மெமென்டோவும் அதற்கு மேல் ஆகும்.

அதில் என்ன இருக்கும்? பள்ளியில் இந்த மாதம் என்ன நடந்தது. ஒன்றாம் வகுப்பில் இப்போது எந்த எழுத்து வரை வந்திருக்கிறார்கள், அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்ன. எந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு, ஏன். காலையில் என்ன சாப்பாடு. ஐந்தாம் வகுப்புக் குழந்தை எழுதிய நாலு வரி: மரவட்டை, வீட்டு ஆட்டுக்குட்டி, மழையில் ஒழுகிய இடம், எதுவானாலும். கடைசியாக, பள்ளிக்கு என்ன வேண்டும்.

இத்தோடு ஒன்று சேருங்கள். இதில்தான் நம்ம எஞ்சினியரிங் மூளைக்கு வேலை: மழைமானி. 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்தால் அதுவே புனல். அடிப்பகுதி வளைவாக இருக்கும், அதைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நேர் பகுதி வரை நிரப்பி அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். புனல் வாயும் பாட்டில் உடம்பும் ஒரே அகலம் என்பதால் ஏறும் நீரின் உயரமே மழை அளவு, மில்லிமீட்டரில். கட்டடம், மரத்திலிருந்து தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுத வேண்டும், வானிலை ஆய்வுத் துறை எடுக்கும் அதே நேரம். எழுதியதும் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர், நேற்று மழை 20 மி.மீ. என்றால் கூரையில் விழுந்தது 2,000 லிட்டர். நாலாம் வகுப்புப் பெருக்கல் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? 64.5 மி.மீ. தாண்டினால் 'கனமழை' என்று டிவியில் சொல்வார்களே, அது நம்ம ஊரில் நிஜமாகவே பெய்ததா என்று குழந்தையே சொல்லும்.

இப்ப யோசிங்க. டிவியில் வருவது மாவட்டத்து மழை, மிஞ்சினால் தாலுகா மழை. மழை ஊருக்கு ஊர் மாறும். வயலில் தண்ணீரைக் கட்டுவதா வடிப்பதா என்று நிற்கும் விவசாயிக்கு "நம்ம ஊர்ல நேத்து எவ்வளவு?" என்று சொல்ல ஆள் இல்லை. அதைப் பள்ளிக்கூடத்துப் போர்டு சொன்னால்? பேத்தியைச் சேர்க்கலாமா என்று யோசிக்காதவர்கூட மழை எவ்வளவு என்று பார்க்க வாசலுக்கு வருவார். வந்தவர் மற்றதையும் படிப்பார்.

மழை நின்றதும் மார்கழிக்கு வேறொன்று: ஒரு மீட்டர் குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளப்பது. டிசம்பர் 21, 22-ல் தஞ்சாவூர்ப் பக்கம் அது ஏறக்குறைய 68 செ.மீ. இருக்கும், வருஷத்திலேயே நீளமான நண்பகல் நிழல். பொங்கலுக்கு அது குறைந்திருப்பதைக் குழந்தைகள் தாங்களே அளந்து எழுதுவார்கள்.

சில எதிர்க்கேள்விகள்

"வாட்ஸ்அப் குரூப் இருக்கே ப்ரோ?" இருக்கு. ஆனால் வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட்போன் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் அப்பாவிடம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டி. குரூப்பில் வந்தது நாலு குட்மார்னிங்குக்குக் கீழே போய்விடும். ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் ஒட்டிய தாள் மாதம் முழுக்க இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சத்தமாகப் படித்துக் காட்டும். அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது என்பதே ஊருக்குப் பெரிய செய்தி.

"இது விளம்பரம் இல்லையா? குறையை மறைச்சு நல்லதை மட்டும் சொல்றதா?" மறைக்கக் கூடாது. அதனால்தான் 'என்ன வேண்டும்' என்ற பகுதி கட்டாயம். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லையா, எழுதுங்கள். ஆனால் அதை ஆசிரியர் பெயரில் போட்டால் அவருக்குச் சங்கடம். அவர் அரசு ஊழியர். சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். தாளை அந்தக் குழு வெளியிடட்டும். ஜனவரி 26 கிராம சபையில் அந்தக் குழுவின் அம்மாக்களே எழுந்து படிக்கட்டும். கோரிக்கை தீர்மானமாக நோட்டில் ஏறும். நம் ஊரில் இந்த வசதி எல்லாம் ஏற்கெனவே இருக்கு. யாரும் கையில் தாளோடு போவதில்லை, அவ்வளவுதான்.

"தாள் ஒட்டினா வேன் நின்னுடுமா?" நிற்காது. எல்.கே.ஜி. இல்லாதது, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடம் எல்லாம் அரசு தீர்க்க வேண்டியவை. அதற்காக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே ஆங்கில வழி வகுப்பு இருக்கிறது என்றோ, காலைச் சாப்பாடு உண்டு என்றோ தெரியாமலே ஒரு வீடு கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறது என்றால், அது நம்மால் மாற்ற முடிந்த விஷயம். தெரிந்த பிறகு எங்கே சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம்.

மூன்று கண்டிஷன்

ஒன்று, குழந்தையின் முகம் வேண்டாம். போட்டோவும் வேண்டாம், ரீல்ஸும் வேண்டாம். சத்துணவுத் தட்டோடு நிற்கும் குழந்தையைப் படம் பிடித்து லைக் வாங்குவதை இந்த வருஷத்தோடு நிறுத்துவோம். நம்ம தங்கச்சியை அப்படிப் போடுவோமா? தாளில் அவர்கள் வரைந்த படம் போதும்.

இரண்டு, மார்க், ரேங்க் எதுவும் வேண்டாம். யார் ஜுரத்தில் வரவில்லை, யார் வீட்டு நிலைமை என்ன என்பதும் வேண்டாம். சின்ன ஊரில் பெயர் போடாவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும்.

மூன்று, இது நம்ம தாள் இல்லை. கீழே காலேஜ் லோகோ போடாதீங்க. முதல் இரண்டு மாதம் கூட இருங்கள், மூன்றாவது மாதம் அவர்களே போடட்டும். எமிஸ் வேலையோடு டீச்சர் தலையில் இன்னொரு வேலையாக இது ஏறக் கூடாது. நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு அக்காக்களும் போதும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது, அதைக் கவனிங்க. ஏழு நாள் சிறப்பு முகாமை நாம் நம்ம வசதிக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் வைப்போம். அது பெரும்பாலும் அரையாண்டு விடுமுறை. வகுப்பறையில் நாம் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருப்போம், குழந்தைகள் வீட்டில் இருப்பார்கள். பள்ளிக்குச் சேவை செய்யப் போய்ப் பிள்ளைகளையே பார்க்காமல் திரும்பிய கேம்ப்கள் நிறைய. என்.எஸ்.எஸ். வாலண்டியருக்கு முகாம் தவிர வருஷத்துக்கு 120 மணி நேரப் பணியும் இருக்கிறது அல்லவா? அதில் நவம்பரில் ஒரு நாள் போய் மழைமானி வையுங்கள். ஜனவரியில் மூன்றாம் பருவம் தொடங்கியதும் ஒரு நாள் போய் முதல் தாளை எழுத உட்காருங்கள். பிப்ரவரியில் இரண்டாவது தாள். மார்ச் 1-க்கு முன் ஊர் கையில் இரண்டு தாள் இருக்கும்.

யார் முன்னால் நிற்பது என்று கேட்டால், நம்ம கிளாஸிலேயே இருக்கிறார்கள். 2021-ல் வந்த சட்டத்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எஞ்சினியரிங் சேர்ந்தவர்கள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள். ஈர யூனிஃபார்ம் எப்படி இருக்கும், ஊரில் எந்தச் சுவரில் ஒட்டினால் எல்லாரும் படிப்பார்கள் என்று பேனர் கமிட்டியை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிளான் போடும் கூட்டத்தில் முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.

அடுத்த வாரம் கேம்ப் மீட்டிங் இருந்தால் இதை அஜெண்டாவில் ஒரு வரியாகப் போடுங்க. ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், ஒரு ஸ்கேல், ஒரு ஏ4 கட்டு, அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு போன். பெயிண்ட் டப்பாவும் வேணும்னா எடுத்துக்கோங்க. வேலை முடிந்து நேரம் மிஞ்சினால் அடிக்கலாம்.